மனோன்மணீயத்தை வசனமாக்கி நடிக்கலாமா?

கல்லூரியில் நாடகக் குழு ஒன்றை நடத்திவரும் தமிழாசிரியர் ஒருவரின் கேள்வி இது. ஆண்டு விழாவுக்கு, சுந்தரம் பிள்ளை எழுதிய செய்யுள் நாடகமான மனோன்மணீயத்தை ஒன்றரை மணி நேர நாடகமாகப் போட நினைக்கிறார். மாணவர்கள் செய்யுளைக் கண்டு மிரள்கிறார்கள். பார்க்க வருகிறவர்களுக்கும் புரியாது என்கிறார்கள். எல்லாவற்றையும் வசனமாக மாற்றி எழுதிவிடலாமா, அல்லது செய்யுளையே இன்றைய பார்வையாளர் முன்னால் பேசவைக்க முடியுமா?

மாற்றாதீர்கள். வெட்டுங்கள், இடையிடையே விளக்குங்கள், பாடவேண்டியதைப் பாடவையுங்கள்; ஆனால் செய்யுளை வசனமாக்காதீர்கள். இது பழமைப் பற்றினால் சொல்வதில்லை. மனோன்மணீயத்தின் கதை சுந்தரம் பிள்ளையுடையதே இல்லை. ஆங்கில எழுத்தாளர் லிட்டன் பிரபு எழுதிய ‘இரகசிய வழி’ என்ற கதையைத் தழுவியது அது. கோட்டையிலிருந்து வெளியே போகும் சுரங்கம், அரசனைக் கவிழ்க்கப் பார்க்கும் அமைச்சன், கனவில் கண்டு காதலிக்கும் இருவர் எல்லாம் அங்கிருந்து வந்தவை. பாண்டிய நாடும் திருநெல்வேலிக் கோட்டையும் நாஞ்சில் நாட்டுச் சண்டையும் பிள்ளை சேர்த்தவை. அவற்றுக்கும் மேலாக, முழுக்க முழுக்க அவருடையது என்று சொல்லத்தக்கது அந்தச் செய்யுள்தான். அதை எடுத்துவிட்டு மனோன்மணீயம் போடுவது, இரவல் வாங்கிய பாத்திரத்தை வைத்துக்கொண்டு சமைத்ததைக் கொட்டிவிடுவது போல. கதை மட்டும் போதுமென்றால் அந்த வேலையைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1942-இலேயே செய்துவிட்டது. பி. யு. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்த ‘மனோன்மணி’ படம் அது. கல்லூரி மேடையில் அதோடு போட்டி போட முடியாது.

இந்த மிரட்சி எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை, 1891-இல் மனோன்மணீயத்தை அச்சிட்டார். அதே 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பிள்ளையின் நாடகம் புத்தகமாகப் பாடத்திட்டத்துக்குள் போனது. முதலியாரின் வசன நாடகங்கள் மேடைக்குப் போயின. ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கியபோதுகூட அவர் வசனத்தையே கைக்கொண்டார். செய்யுள் படிப்பதற்கு, வசனம் நடிப்பதற்கு என்று தமிழில் ஒரு பாகப்பிரிவினை அந்தக் காலத்திலேயே நடந்துவிட்டது. பிறகு பரிதிமாற் கலைஞர் ‘மானவிசயம்’ என்று ஒரு செய்யுள் நாடகமும், ‘நாடகவியல்’ என்று நாடக இலக்கணமும் எழுதினார். அவையும் அலமாரிக்கே போய்ச் சேர்ந்தன. மனோன்மணீயம் படிப்பதற்கென்றே எழுதப்பட்டது என்ற பேச்சை எல்லோரும் கேட்டிருப்போம். நூற்றுமுப்பது வருடங்களாக அநேகமாக யாரும் உரக்கப் பேசிப் பார்க்காத ஒன்றைப் பற்றி ‘பேசினால் புரியாது’ என்று எப்படி முடிவுகட்டுவது?

நாடகத்தின் பெரும்பகுதி ஆசிரியப்பாவில், அதாவது அகவலில் இருக்கிறது. தொல்காப்பியமே ‘அகவல் என்பது ஆசிரியம்மே’ என்கிறது. அகவுதல் என்றால் அழைத்தல். பேச்சுக்கு மிக அருகில் இருக்கும் பா இதுதான். வெண்பாவைப் பேச்சாக்குவது கடினம். அதன் தளைக்கட்டு நடிகனின் வாயைப் பிடித்துக்கொள்ளும். அகவலில் நாற்சீர் அடிகள் வேண்டிய அளவு நீண்டுகொண்டே போகலாம். நடுவில் கோபப்படலாம், மூச்சு வாங்கலாம், ஒருவர் பேச்சை இன்னொருவர் அறுக்கலாம். பிள்ளை தெரிந்துதான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

அகவலை மேடையில் எப்படிப் பேசுவது என்பதற்கு மாணவர்களிடம் நான் முதலில் எடுத்துக்கொள்வது மனோன்மணீயத்தை இல்லை, சிலப்பதிகார வழக்குரை காதையை. ‘தேரா மன்னா’ தெரியாத தமிழ் மாணவன் இல்லை. பாண்டியன் ‘நீ யார்?’ என்று கேட்கிறான். கண்ணகி சொல்லும் பதிலைப் பாருங்கள்:

தேரா மன்னா செப்புவது உடையேன்
எள்ளறு சிறப்பின் இமையவர் வியப்பப்
புள்ளுறு புன்கண் தீர்த்தோன் அன்றியும்...

புறாவின் துயர் தீர்த்த சிபி வருகிறான். கன்றை இழந்த பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுட, பெற்ற மகனைத் தேர்க்காலில் இட்டவன் வருகிறான். பிறகு புகார் வருகிறது. பிறகு மாசாத்து வாணிகன் வருகிறான். அவன் மகன், ஊழ்வினை துரத்த உன் ஊருக்கு வந்தவன், என் காற்சிலம்பை விற்க வந்து உன்னிடம் கொலைப்பட்டவன், அந்தக் கோவலன் மனைவி. பதினான்காவது அடியில்தான் ‘கண்ணகி என்பதென் பெயரே’.

கேட்டது பெயரை. பெயர் வருவது கடைசியில். நடுவில் உள்ள அத்தனை அடிகளும் அரசன் தலைக்கு மேல் ஒரு கல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பெயர் வந்ததும் கல் விழுகிறது. தமிழ் வாக்கியத்தில் முக்கியமானது கடைசியில் வரும் என்ற இலக்கணத்தையே நாடகமாக்கிவிட்ட இடம் இது. வசனமாக்குகிறவர்கள் முதல் வரியிலேயே ‘நான்தான் கோவலன் மனைவி கண்ணகி, கேள் மன்னா’ என்று எழுதிவிடுகிறார்கள். கல்லைத் தரையில் வைத்துவிட்டுச் சண்டைக்கு நின்றால் யாருக்குப் பயம் வரும்?

இதிலிருந்து நடிகனுக்குக் கிடைக்கும் பாடம் எளிமையானது, பழகுவதற்கு மட்டும் கடினமானது. வினைமுற்று வரும்வரை குரலை இறக்கக்கூடாது. ‘தீர்த்தோன்’ என்ற இடத்தில் குரல் இறங்கினால் கேட்பவர் வாக்கியம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்; அடுத்த அடி அவருக்குப் புது வாக்கியம் ஆகிவிடும்; அப்புறம் ஒன்றும் புரியாது. பார்வையாளர் ‘பழைய தமிழ் புரியவில்லை’ என்று சொல்லும்போது பாதி நேரம் அவர் தடுக்கி விழுந்தது சொல்லில் இல்லை, இந்தக் குரல் இறக்கத்தில்தான். இங்கிலாந்தில் நாடக இயக்குநர் பீட்டர் ஹால், ஷேக்ஸ்பியரின் ஒவ்வோர் அடியின் இறுதியையும் கேட்பவர் காதுக்கு உணர்த்தியே பேச வேண்டும் என்று நடிகர்களிடம் பிடிவாதம் பிடித்தவர். அது ஆங்கிலத்துக்குப் பொருந்தும். நமக்கு அடியின் இறுதியைவிட வினைமுற்றுதான் முக்கியம்.

இனி மனோன்மணீயம். மனோன்மணியின் தோழி வாணியைக் காதலிக்கும் நடராசன் தனியே வயல்வெளியில் நின்று புல்லையும் வாய்க்காலையும் மண்புழுவையும் பார்த்துப் பேசும் காட்சி ஒன்று இருக்கிறது. கதைக்கு அது தேவையே இல்லை. நேரம் போதாதென்றால் எல்லோரும் முதலில் வெட்டும் இடம் அதுதான். நான் வெட்டமாட்டேன்.

ஓகோ! நாங்கூழ்ப் புழுவே! யாதுன் பாடு?
ஓவாப் பாடே. உணர்வேன்! உணர்வேன்!
உழைப்போர் உழைப்பில் உழுவோர் தொழில்மிகும்;
உழுவோர்க் கெல்லாம் விழுமிய வேந்துநீ.
எம்மண் ணாயினும் நன்மண் ணாக்குவை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக் குழுவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். நடராசனாக நடித்த பையன் கையைக் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்து, மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கும் அந்த ஒரே ராகத்தில் ஐந்து அடியையும் அடித்துத் தள்ளினான். ஆறாம் வகுப்பிலிருந்து நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த ராகம் அது. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐப்பசி மாதம், வெளியே மழை விட்டிருந்தது. விடுதிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், ஈர மண்ணைக் கிளறி ஒரு புழுவைக் காட்டி, ‘இதனிடம் பேசு’ என்றேன். குந்தி உட்கார்ந்தான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டேதான் ‘ஓகோ’ என்றான். ‘யாதுன் பாடு?’ என்று கேட்டபோது குரல் தானாகவே இறங்கியிருந்தது. புழு அதுபாட்டுக்கு மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் கொஞ்சம் காத்திருந்தான். ‘ஓவாப் பாடே’ என்று தானே பதில் சொல்லிக்கொண்டான். முதல் ‘உணர்வேன்’ புழுவுக்கு, இரண்டாவது ‘உணர்வேன்’ தனக்கு. இதை நான் சொல்லித்தரவில்லை. அந்தப் பையன் விவசாயக் குடும்பம் என்று பிறகுதான் தெரிந்தது.

இந்த ஐந்து அடியில் உண்மையிலேயே அருஞ்சொல் எத்தனை? நாங்கூழ், ஓவா, விழுமிய என்று மூன்று. நாங்கூழ் என்றால் மண்புழு என்பதை நடிகனின் கண் காட்டிவிடும். பக்கத்திலேயே ‘புழுவே’ வேறு இருக்கிறது. ஓவா என்றால் ஓயாத. நடிகன் இழுத்துச் சொன்னாலே பொருள் வந்துவிடும். ‘பாடு’ இன்றும் நம் வாயில் இருக்கிறது: படாத பாடு, உன் பாடு தேவலை. மூன்றாம் அடியில் உழை, உழை, உழு என்று மோனை மண்வெட்டி விழுவதுபோல விழுகிறது. ஒரு காரியம் மட்டும் செய்தாக வேண்டும். ‘எம்மண் ணாயினும்’ என்று அச்சில் சீர் பிரித்திருப்பதை அப்படியே பேசக்கூடாது. எம்மண்ணாயினும், நன்மண்ணாக்குவை என்று சொல்லாகவே சேர்த்துப் பேச வேண்டும். அச்சுப் பிரதியை மாணவர் கையில் கொடுக்காதீர்கள். சீர் பிரிப்பைக் களைந்து, பேச்சுக்கு ஏற்ற இடத்தில் சொற்களைப் பிரித்துத் தட்டச்சு செய்த பிரதியைக் கொடுங்கள். நான் பார்த்தவரை பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

மோனையைப் பற்றி ஒரு வார்த்தை. எதுகை மோனை என்றாலே அரசியல் மேடைப் பேச்சு ஞாபகம் வந்து இளைஞர்கள் கூச்சப்படுகிறார்கள். பீட்டர் ஹால் 1981-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ஈஸ்கிலஸின் கிரேக்க நாடகமான ‘ஒரெஸ்டியா’வை முகமூடிகளோடு, ஆண் நடிகர்களை மட்டுமே வைத்து மேடையேற்றினார். அதற்கு ஆங்கிலம் செய்த கவிஞர் டோனி ஹாரிசன் வரிக்கு வரி மோனையை அடுக்கியிருந்தார். முகமூடி போட்டவனுக்கு முகபாவம் கிடையாது, ஓசைதான் முகம். மோனை அங்கே அலங்காரமாக வரவில்லை, நடிகன் காலூன்றும் இடமாக வந்தது. நமக்கு அதை யாரும் புதிதாகச் செய்துதர வேண்டியதில்லை. பிள்ளை எழுதியே வைத்திருக்கிறார்.

சரி, இவ்வளவு செய்தும் புரியாத பகுதிகள் இருக்குமே என்பீர்கள். இருக்கும். அதற்கு நம் பக்கத்திலேயே விடை இருக்கிறது. தெருக்கூத்தில் வேஷக்காரர் ஒரு விருத்தத்தைப் பாடுவார். பிறகு அதே செய்தியை வசனத்தில் பேசுவார். கட்டியக்காரன் குறுக்கே புகுந்து அதையே கேலி செய்து மூன்றாம் முறை சொல்வான். செய்யாறு பக்கத்தில் விடியவிடியக் கூத்துப் பார்க்கிற கிழவிக்குப் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் புரிந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று வழியில் செய்தி வந்து சேர்ந்துவிடுகிறது. கேரளத்தின் கூடியாட்டத்திலும் இதே உத்திதான். நாயகன் சமஸ்கிருதச் சுலோகம் சொல்வான்; விதூஷகன் மலையாளத்தில் அதை விரித்துச் சொல்வான், பகடி செய்து எதிர்ச் சுலோகமும் சொல்வான். சுலோகத்தை எளிமைப்படுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. கோயில் கூத்தம்பலத்துக்குள்ளேயே இருந்த அந்தக் கலையை 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பைங்குளம் ராம சாக்கியார் வெளியே கொண்டுவந்தார். 1965-இல் கேரள கலாமண்டலத்தில் அதற்கென்று ஒரு துறை வந்தது. 2001-இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. இத்தனை தூரம் வந்தும் சுலோகம் சுலோகமாகவே இருக்கிறது.

எனவே உங்கள் நாடகத்துக்கு ஒரு கட்டியக்காரனை ஏற்பாடு செய்யுங்கள். வசனம் எழுத வேண்டும் என்ற ஆசையை அவன் வாயில் தீர்த்துக்கொள்ளலாம். பாண்டிய மன்னன் ஜீவகன் பேசி முடித்ததும், ‘ராஜா என்ன சொல்கிறாரென்றால், மதுரையை விட்டு நெல்லைக்கு வந்ததும் நல்லதுக்குத்தானாம்; அமைச்சர் சொன்னாராம்’ என்று அவன் ஒரு வரி சொன்னால் போதும். பார்வையாளர் சிரிப்பார்கள், கதையும் பிடிபட்டுவிடும். இந்த வேலையை நாராயணனிடம் கொடுக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அவன் ஏற்கெனவே குத்தலாகப் பேசுகிறவன். நானும் ஒருமுறை அப்படிச் செய்து கெடுத்துக்கொண்டேன். நாராயணன் அரசனிடம் உண்மையான விசுவாசம் உள்ளவன். அவன் சபையைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டால், பிறகு அவன் படும் வேதனையை யாரும் நம்பமாட்டார்கள். கட்டியக்காரன் கதைக்கு வெளியே நிற்பவனாகவே இருக்கட்டும்.

திரையில் பொருள் எழுதிக்காட்டும் யோசனை சிலருக்கு வரும். வேற்றுமொழி நாடகமென்றால் சரி. தமிழ் நாடகத்துக்குத் தமிழிலேயே உரை எழுதிப் போட்டால் பார்வையாளர் கண் நடிகனை விட்டுவிடும், காதும் சோம்பேறியாகிவிடும்.

வெட்டுவதைப் பற்றி. ஐந்து அங்கம், இருபது களம். ஒன்றரை மணி நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நின்றால் அதிகம். நான் செய்வதானால், நகரத்தாரும் சேவகரும் பேசும் காட்சிகளைக் கட்டியக்காரனின் இரண்டு மூன்று வரிகளில் முடித்துவிடுவேன். வாணி மனோன்மணிக்குப் பாடும் ‘சிவகாமி சரிதம்’ தனிக் கதைப்பாட்டு. அதை முழுதும் வைக்க முடியாது, எடுத்தெறியவும் மனம் வராது. பத்துக் கண்ணிகளை மட்டும், ஆர்மோனியம் இல்லாமல், தம்பூராவோடு அடக்கமாகப் பாடவையுங்கள். அரசனின் குருவான சுந்தர முனிவரின் வேதாந்தப் பேச்சு பிள்ளைக்கு மிகப் பிரியமானது என்பது தெரிகிறது. ஆனாலும் வெட்டியே ஆகவேண்டும். தத்துவப் பேராசிரியர் நாடகம் எழுதினால் அப்படித்தான் இருக்கும். அமைச்சன் குடிலன் தனியாகப் பேசும் பேச்சுகளில் மட்டும் கை வைக்காதீர்கள். மேடையில் அவன்தான் இந்த நாடகத்தைத் தூக்கி நிறுத்துவான். ஷேக்ஸ்பியரின் இயாகோவோடு அவனை ஒப்பிடுவது பழைய வழக்கம். நடிகனுக்குப் பயன்படுகிற ஒப்பீடும்கூட. இருவரும் சபையைக் கூட்டாளியாக்கிக்கொண்டுதான் சதி செய்கிறார்கள். குடிலனை மேடையின் முன்விளிம்புக்கு வரச்செய்து, முதல் வரிசையில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். மீசை முறுக்கும் வில்லச் சிரிப்பு வேண்டவே வேண்டாம்.

கழுத்துப்பட்டை மைக் கூடாது என்று சொன்னால் உங்கள் அரங்கத்தைப் பொறுத்து அது முடியாமல் போகலாம். முந்நூறு பேர் அமரும் அரங்கம் வரை மைக் இல்லாமலே முயன்று பாருங்கள். மைக் இருந்தால் பையன்கள் மூச்சைச் சேமித்துவிடுவார்கள். பதினான்கு அடி வாக்கியத்தைத் தாங்குவதற்கு மூச்சு வேண்டும். ஒத்திகையின் முதல் இரண்டு வாரம் நடிப்பே வேண்டாம். நடந்துகொண்டே அகவலை உரக்கச் சொல்லட்டும், வினைமுற்று வரும் இடத்தில் மட்டும் நிற்கட்டும்.

முடிவுக் காட்சியில் நள்ளிரவு. ஜீவகன் மகளைக் குடிலனின் மகன் பலதேவனுக்குக் கொடுக்கத் துணிந்துவிட்டான். சுரங்க வழியே சேர அரசன் புருடோத்தமன், குடிலனைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். கனவில் மட்டுமே கண்டவனை மனோன்மணி நேரில் காண்கிறாள், மாலையை அவனுக்கே போடுகிறாள். இங்கே கட்டியக்காரன் வாயைத் திறக்கக்கூடாது, பின்னணி இசையும் கூடாது. ஒன்றரை மணி நேரம் அகவல் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த மௌனம் பெரிய விஷயம். மாலை கழுத்தில் விழும் சத்தம்கூடக் கேட்கும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். ‘நீராருங் கடலுடுத்த’ இந்த நாடகத்தின் பாயிரத்தில் உள்ள வாழ்த்து. நாடகத்தை நூலில் உள்ளபடி தொடங்க வேண்டுமென்று நீங்கள் அதைப் பாடவைத்தால் சபை முழுவதும் எழுந்து நின்றுவிடும். 2021-இல் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அதுவும் அரசு வழக்கில் விடுபட்ட ‘ஆரியம்போல் உலகவழக்கு’ அடியையும் சேர்த்துப் பாடினால், நிற்பவர்கள் உட்காருவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் குழப்பத்தில் முதல் காட்சி போய்விடும். விழாத் தொடக்கத்தில் எப்படியும் ஒருமுறை பாடியிருப்பார்கள். நாடகத்துக்குள் அதை மறுபடி வைக்க விரும்பினால், நடிகர்கள் கைகூப்பி நிற்கும் கடைசி நிமிடத்தில் வையுங்கள். அப்போது எல்லோரும் எழுந்துகொண்டிருப்பார்கள்.